பைக்குள் இருக்கும் கைபேசி தானாகவே தோட்டத்து மோட்டாரை ஓட்டிவிடுகிறது: தடுப்பது எப்படி?

கேள்வி: வெள்ளக்கோவில் தோட்டத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்காலின் கடைமடைப் பகுதியில், வெள்ளக்கோவிலுக்கு அருகே எங்கள் தோட்டம் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்ப முடியாததால், தென்னைக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் பாய்ச்சுகிறோம். அதற்குச் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். அதன் எண்ணுக்கு அழைத்தால் மோட்டார் ஓடும், மறுபடியும் அழைத்தால் நின்றுவிடும்.

சென்ற வாரம் மொபெட்டில் காங்கேயம் போய்க்கொண்டிருந்தபோது, வேட்டிக்குள் போட்டிருந்த பட்டாபட்டி டவுசரின் பையில் இருந்த கைபேசி அந்த எண்ணுக்குத் தானாகவே அழைத்துவிட்டது. கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, குழாய் காற்றும் தண்ணீருமாகத் துப்புவதைப் பார்த்த அப்பா ஓடிப்போய் நிறுத்தினார். இன்னும் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடியிருந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான 'காயில்' கருகியிருக்கும். அதற்கு முன்பு ஒருமுறை அவசர உதவி எண்ணான 112-க்கும் இப்படியே அழைப்பு போயிருக்கிறது.

விரல் ரேகை வைத்தால்தான் திரை திறக்கும்படி பூட்டு போட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் பைக்குள் இது எப்படி நடக்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஈரோடு கைபேசிக் கடைக்காரர்

வணக்கம். கைபேசி பழுது நீக்கும் கடை வைத்திருக்கிறேன். கோடைக்காலத்தில் இதே குறையோடு வருகிறவர்கள் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் வியர்வை. இப்போதைய தொடுதிரை அழுத்தத்தை அறிவதில்லை. மின்சாரம் கடத்தும் ஒரு பொருள் அருகில் வரும்போது கண்ணாடிக்கு அடியிலுள்ள மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைத்தான் அறிகிறது. விரலும் தொடையும் அதற்கு ஒன்றுதான். உலர்ந்த தடித்த துணி இடையில் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மெல்லிய பருத்தித் துணி வியர்வையில் நனைந்துவிட்டால், அந்தத் துணியே மின்சாரத்தைக் கடத்தி விரலைப் போல வேலை செய்யத் தொடங்கிவிடும்.

இரண்டு இடங்களை முதலில் பாருங்கள். கண்ணாடிக்கு மேல் டெம்பர்டு கிளாஸ் ஒட்டும்போது தொடுதல் மந்தமாகிவிடும் என்று 'டச் சென்சிடிவிட்டி' என்ற அமைப்பைக் கூட்டிக் கொடுப்பது வழக்கம். கையுறையோடும் வேலை செய்வதற்காக ஏற்பட்ட வசதி அது. துணிக்குள்ளிருந்தும் நன்றாகவே வேலை செய்யும். அதை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவதுதான் உங்கள் பூட்டைப் பற்றிய கேள்விக்கு விடை என்று நினைக்கிறேன். 'எக்ஸ்டெண்ட் அன்லாக்' என்று ஒரு பகுதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. பழைய பெயர் 'ஸ்மார்ட் லாக்'. அதில் 'ஆன்-பாடி டிடெக்ஷன்' இயக்கத்தில் இருந்தால், ஒருமுறை திறந்த கைபேசி, உடலோடு அசைந்துகொண்டிருக்கும் வரை பூட்டிக்கொள்ளாமலே இருக்கும். நடக்கும்போதும் மொபெட்டில் போகும்போதும் அசைவு நிற்பதில்லையே. நீங்கள் பூட்டியதாக நினைத்த கதவு வெறுமனே சாத்தியிருந்திருக்கிறது.

இவை போக, பைக்குள் இருப்பதை உணர்ந்து தொடுதலை மறுக்கும் வசதி பல நிறுவனங்களின் கைபேசிகளில் இருக்கிறது. சாம்சங்கில் 'டிஸ்ப்ளே' பகுதிக்குள் 'ஆக்சிடென்டல் டச் புரொடெக்ஷன்' என்றும், வேறு சிலவற்றில் 'பாக்கெட் மோட்' என்றும் இருக்கும். காது வைக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அண்மை உணரியை நம்பித்தான் இது இயங்குகிறது. யாருக்காவது அழைத்து, திரையின் மேற்பகுதியைக் கையால் மூடிப் பாருங்கள். திரை அணையாவிட்டால், ஒட்டிய கண்ணாடியோ அழுக்கோ உணரியை மறைத்திருக்கலாம்.

பதில் 2: திருப்பூர், பனியன் கம்பெனி

அண்ணா, 112-க்கு அழைப்பு போனதற்குத் தொடுதிரை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். இந்தியாவில் விற்கப்படும் ஸ்மார்ட்போன்களில், பவர் பொத்தானை மூன்று முறை விரைவாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற விதி 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்ட்ராய்டு தன் பங்குக்கு, ஐந்து முறை அழுத்தும் வசதியையும் தருகிறது. மொபெட் குலுங்கும்போது பைக்குள் சாவிக்கொத்தும் சில்லறையும் இருந்தால் அந்தப் பொத்தான் அழுந்துவதற்கு வாய்ப்பு உண்டு.

இருந்தாலும் இதை முழுவதும் அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இரவு ஷிப்ட் முடிந்து தனியாக வீடு திரும்பும் என்னைப் போன்ற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பது எங்களுக்குத்தான் தெரியும். என் கைபேசியில், பொத்தானை அழுத்திய பிறகு திரையையும் சிறிது நேரம் தொட்டுப் பிடித்தால்தான் அழைப்பு போகும் என்று மாற்றி வைத்திருக்கிறேன். 'எமர்ஜென்சி எஸ்.ஓ.எஸ்.' பகுதியில் அதைக் காணலாம். தவறி அழைப்பு போய்விட்டால் பயந்து துண்டிக்காமல், தவறுதலாக வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

பதில் 3: பல்லடம், மோட்டார் வேலை

தம்பி, அவர்கள் இருவரும் கைபேசிப் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் ஸ்டார்ட்டர் பக்கத்தைச் சொல்கிறேன். அழைப்பு வந்தவுடனே மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டரும் உண்டு. அழைப்பை எடுத்து, 'ஓட்ட 1, நிறுத்த 2' என்பது போலக் கேட்டு, எண்ணை அழுத்திய பிறகே ஓட்டும் ஸ்டார்ட்டரும் உண்டு. உங்களுடையதில் இரண்டாவது முறைக்கு மாற்ற முடியுமா என்று பொருத்தியவரிடம் கேளுங்கள். தண்ணீர் இல்லாதபோது தானாக நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பையும் கூடவே போட்டுவிடுங்கள். காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. முகப்புத் திரையில் மோட்டார் எண்ணைக் குறுக்குவழியாக வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், ஒரே தொடுதலில் அழைப்பு போவது அதனால்தான்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈரோட்டு ஐயா சொன்னபடி பார்த்தேன். 'ஆன்-பாடி டிடெக்ஷன்' இயக்கத்தில்தான் இருந்தது. கைபேசி வாங்கிய புதிதில் மகன் வசதிக்காகப் போட்டுவிட்டிருக்கிறான். டச் சென்சிடிவிட்டியும் கூட்டித்தான் இருந்தது. இரண்டையும் அணைத்துவிட்டேன். மோட்டார் எண் முகப்பிலேயே இருந்தது, அதையும் எடுத்தாயிற்று. திருப்பூர்ச் சகோதரி சொன்ன தொட்டுப் பிடிக்கும் முறைக்கு மாற்றிவிட்டு, சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்கு மாற்றிக்கொண்டேன். நேற்று உச்சி வெயிலில், டவுசர் முழுவதும் நனைய, மூலனூர் வரை போய் வந்தேன்; ஓர் அழைப்பும் போகவில்லை. என் ஸ்டார்ட்டரில் எண்ணைக் கேட்கும் வசதி இல்லையாம். டிரை ரன் பாதுகாப்பை மட்டும் வெள்ளிக்கிழமை வந்து பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.