மதுரை டவுனுக்குள் ஊர் நடை (பழைய இடங்களைக் கூட்டமாக நடந்தே பார்ப்பது) போனவர்கள், மனதில் நின்றதைச் சொல்லுங்கள்

தெக்குவாசல்:
சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு ஒரு ஞாயிறு காலை. மீனாட்சி கோவிலுக்கு எதிரே புதுமண்டப வாசலில் வழிகாட்டி திருமலை நாயக்கர், வசந்த உற்சவம், கல்யானை கரும்பு தின்ற சிற்பம் என்று நன்றாகத்தான் சொன்னார். கடைசியில், "கடைகளைக் காலி செய்த பிறகுதான் மண்டபத்துக்கு மரியாதை வந்தது" என்றார். கூட்டத்தின் ஓரத்தில் இஞ்ச் டேப்போடு ஒரு பெரியவர். குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறிய டைலராம். "அழகருக்குத் தண்ணி பீய்ச்சுறவுகளுக்கு உடுப்புத் தச்சது இந்தத் தூணுக்கு அடியிலதான் சார். அது மரியாதை இல்லையா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. வழிகாட்டி, "அடுத்து ராயகோபுரம்" என்றார். நாங்களும் பின்னாலேயே போய்விட்டோம்.

பழைய நோட்டு:
பெரியவர் கேட்டது சரி. ஆனால் சும்மா உருகாதீர்கள். வருஷா வருஷம் பரீட்சை கைடு வாங்கப் புதுமண்டபம் போனவன் நான். துணி மூட்டைக்குப் பின்னால் நாயக்கர் சிலை இருப்பதே காலேஜ் போன பிறகுதான் தெரிந்தது. கடை இருந்ததும் வரலாறு, சிலை மறைந்ததும் வரலாறு. இரண்டையும் சொல்ல வேண்டியதுதானே?

நடராஜா சர்வீஸ்:
என் கதை சின்னது. விளக்குத்தூண் அடியில் பிளாக்பர்ன் கலெக்டரைப் பற்றிப் பேசும்போது, பக்கத்து ஜவுளிக்கடைப் பையன், "இது ஒருத்தர் ஞாபகமா வச்சதா?" என்று கேட்டான். தினமும் அங்கேதான் நிற்கிறானாம்!

இனி நடத்துகிறவர்களுக்கு: விடிந்ததும் ஆரம்பியுங்கள், கடை திறந்துவிட்டால் மாசி வீதியில் நிற்க இடம் கிடைக்காது. கோவிலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வெளி வீதியிலிருந்து உள்ளே வாருங்கள். அப்போதுதான் 1840களில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த கதை காலுக்கே புரியும். மதிலை இடித்து மேட்டைச் சமன் செய்த ஜனங்களுக்கே அங்கே மனை கொடுத்தார்கள். வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். அந்தத் தெருக்காரர்களையே பேசச் சொல்லுங்கள். மைக் வேண்டாம். தண்ணீர் பாட்டிலை அவரவர் கொண்டு வரட்டும். வயசானவர்களுக்கு நடுவில் ஒரு திண்ணை பார்த்து வையுங்கள். செல்ஃபிக்குத் தனி நேரம் கொடுத்தால் பாதிக் கூட்டம் அங்கேயே கரைந்துவிடும்.

கதர்க்கடை:
நடராஜா சர்வீஸ், விடிகாலையில் போனால் மேலமாசி வீதியில் காந்தி தங்கிய வீட்டைப் பூட்டின கதவோடு பார்க்கலாம், அவ்வளவுதான். நாங்கள் செப்டம்பர் 22 அன்று பள்ளிப் பிள்ளைகளோடு போனோம். 1921இல் அவர் மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறிய நாள். "ஏன் மாறினார்?" என்று டீச்சர் கேட்டதும் ஒரு பொடியன், "மதுரை வெயிலு டீச்சர்!" என்றான். எல்லோரும் சிரித்தோம். துணி வாங்க வழியில்லாத ஏழைகளைப் பற்றி டீச்சர் சொல்லி முடித்ததும் அவனே மறுபடி, "அவங்க யாராச்சும் அன்னிக்கு இந்த வீட்டுக்குள்ள வந்தாங்களா?" என்றான். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் அந்த வீட்டிலிருக்கும் கதர்க்கடைக்காரரைப் பார்த்தேன். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பையனுக்குச் சொல்ல வேண்டும்.