லேப்ரடார் ஓயாமல் பாதத்தை நக்குகிறது, விரலிடுக்கு சிவந்துவிட்டது: கோத்தகிரிப் பக்கம் யாருக்காவது அனுபவம் உண்டா?

கட்டபெட்டு வாசி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லேப்ரடார், வெளிர் நிறம், பெயர் பட்டாணி. இரண்டு வயதைத் தாண்டிவிட்டாள். ஆடிச் சாரலும் மூட்டமும் ஆரம்பித்ததிலிருந்து முன்னங்கால்களை நக்கிக்கொண்டே இருக்கிறாள். இப்போது பின்னங்கால்களையும். நடுராத்திரியில் அந்தச் சத்தத்திலேயே தூக்கம் கலைகிறது. நக்கிய இடத்தில் முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருக்கிறது. விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தால் சிவந்து, பிசுபிசுவென்று, புளித்த மாவு வாடை. காதையும் அடிக்கடி உதறுகிறாள்.

போன வருடமும் இதே சமயம் வந்தது. டவுனில் காட்டினோம், ஊசி போட்டார்கள், இரண்டே நாளில் நின்றது. சில வாரத்தில் திரும்ப வந்தது, மறுபடி ஊசி. என்ன ஊசி என்று சீட்டில் எழுதவில்லை. இந்தத் தடவை ஊசிக்கு முன்னால் காரணம் தெரிந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

சாப்பாடு கோழி, சாதம், கொஞ்சம் தயிர். தடுப்பூசி, குடற்புழு மாத்திரை எல்லாம் சரியாகப் போகிறது. நடக்கப் போவது வீட்டுக்குப் பின்னால் உள்ள தேயிலைத் தோட்டத்து வழியில். பவுடர் போட்டுப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய் தடவினோம், அதை ருசித்து நக்கியதுதான் மிச்சம்.

குன்னூர் அக்கா:

வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் காலைக் கழுவுங்கள், மஞ்சளைக் குழைத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் எல்லா நாய்க்கும் இதுதான்.

தோட்டக்காரன்:

அக்கா, வேப்பிலைத் தண்ணீர் கெடுதல் இல்லை. ஆனால் மஞ்சள் போட்டால் சிவப்பு எவ்வளவு குறைந்தது என்றே தெரியாது, வெள்ளை நாய் வேறு.

நான் சொல்ல வந்தது மருந்தடிப்பு பற்றி. மழையும் மூட்டமும் சேர்ந்தால் தேயிலையில் கொப்புள நோய் வரும். அதற்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து அடிப்போம். வழியோரத்தில் களைக்கொல்லியும் விழும். அடித்த அன்றும் மறுநாளும் அந்தப் பாதையில் நாயை விடாதீர்கள். எந்தப் பக்கம், என்றைக்கு அடிக்கிறார்கள் என்று மேஸ்திரியைக் கேட்டால் சொல்லிவிடுவார். மருந்துதான் காரணம் என்றால் உள்ளங்கால் மெத்தையும் வயிற்றில் முடியில்லாத இடமும் சேர்ந்து சிவக்கும். பட்டாணிக்கு அப்படி இருக்கிறதா?

காஞ்சொறிச் செடி பட்டதா என்றும் சிலர் கேட்பார்கள். அது பட்டால் நாய் அங்கேயே துள்ளிக் குதிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் நீடிக்காது.

கட்டபெட்டு வாசி:

இல்லை அண்ணா. வயிறு சுத்தமாக இருக்கிறது, மெத்தையும் கருப்பாக நன்றாகவே இருக்கிறது. விரல்களுக்கு நடுவில்தான் எல்லாம். அக்குளில் லேசாகச் சிவப்பு.

மலைப்பாதை:

மாட்டுக்கு உண்ணி மருந்து இருக்கிறதே, அதைத் தண்ணீரில் கலந்து காலை முக்கி எடுங்கள். விலையும் குறைவு.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

தம்பி, தயவுசெய்து அந்த யோசனை வேண்டாம். நாள் முழுக்கப் பாதத்தை நக்குகிற நாய்க்குப் பாதத்திலேயே பூச்சிமருந்தைத் தடவினால் அது நேராக வயிற்றுக்குள் போகும். உண்ணிக்கு நாய்க்கென்றே மாத்திரை இருக்கிறது: மாதம் ஒன்று கொடுப்பது, மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுப்பது என்று. எடையைப் பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். வலிப்பு வரும் நாயாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது விஷம்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் பெரும்பாலும் மலாசீசியா என்கிற ஈஸ்ட்டின் வேலை. அது எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான். தோல் அழன்று, எச்சிலில் ஊறி, காயாமல் கிடந்தால் பெருகிவிடும். பெருகினால் அரிக்கும், அரித்தால் நக்கும், நக்கினால் மறுபடி ஈரம். நம் மலையில் மூட்டம் போட்டால் துணியே காய்வதில்லை, விரலிடுக்கு எங்கே காயப்போகிறது? ஆனால் ஈரம் மட்டும் காரணம் என்றால் ஊரில் உள்ள எல்லா நாயும் நக்க வேண்டும். ஈஸ்ட் பின்னால் வந்தது, முதலில் தோலைக் கிளறிவிட்டது வேறொன்று. அதைப் பிடிக்காமல் ஈஸ்ட்டை மட்டும் விரட்டினால் அடுத்த வருடமும் இதே கேள்வியைக் கேட்பீர்கள். துரு நிறம் ரத்தம் இல்லை, எச்சிலில் உள்ள போர்பிரின் என்ற நிறமி. அதற்குப் பயப்பட வேண்டாம்.

எங்கே அரிக்கிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். வாலடியும் முதுகின் பின்பாதியும் என்றால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. காது மடலின் ஓரம், முழங்கை என்று இருந்தால் சொறிப்பூச்சி. அதற்கு ஒரு சின்ன சோதனை உண்டு: மடலின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல் ஆடும். அப்படி ஆடினாலோ, வீட்டில் உள்ளவர்களுக்கும் கையிலோ வயிற்றிலோ அரித்தாலோ சந்தேகம் வலுக்கிறது. ஒரே ஒரு பாதம் என்றால் முள், புல்விதை, சீழ்க்கட்டி. நான்கு பாதம், காது, அக்குள், அதுவும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் ஆரம்பித்தது என்றால் அடோபி, அதாவது தூசி, மகரந்தம் போன்றவற்றுக்குப் பரம்பரைத் தன்மையால் வரும் ஒவ்வாமை. லேப்ரடாருக்கு இது அதிகம் வரும். பட்டாணி இந்தக் கூட்டத்தில்தான் இருப்பாள் என்று தோன்றுகிறது. உணவு ஒவ்வாமையும் அச்சு அசலாக இதே இடங்களில்தான் காட்டும் என்பதால் அதையும் விலக்கிப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது, விரலிடுக்கில் டேப் ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தோலைச் சுரண்டியும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே சில நிமிட வேலை. எந்தப் பூச்சி, ஈஸ்ட்டா பாக்டீரியாவா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அந்த ஊசி ஸ்டீராய்டாக இருந்திருக்கலாம், இரண்டு நாளில் அடங்கியதை வைத்துச் சொல்கிறேன். ஸ்டீராய்டு தீண்டத்தகாதது இல்லை, அவசரத்துக்கு நல்ல மருந்து. ஆனால் நீண்டநாள் வேலை செய்யும் ஊசியாக அடிக்கடி போட்டால் தண்ணீர் தாகம், அகோரப் பசி, எடை என்று உடம்பு மாறும், தொற்றும் சுலபமாக வரும். என்ன போட்டார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. இப்போது ஒக்லாசிடினிப் மாத்திரை இருக்கிறது, அரிப்பை ஒரே நாளில் குறைக்கும். ஒரு வயது நிரம்பாத குட்டிக்குக் கூடாது, தொற்று இருந்தால் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கடையில் நேராக வாங்காதீர்கள். நாம் ஒவ்வாமைக்குப் போடும் செட்டிரிசின் சில நாய்க்குக் கொஞ்சம் கேட்கும், பல நாய்க்குக் கேட்காது. சளிக்கான கலப்பு மாத்திரையை மட்டும் மறந்தும் கொடுக்கக் கூடாது.

கொடை ராஜா:

ஐயா சொன்ன ஒற்றைப் பாதம் விஷயம் எங்கள் ராஜபாளையத்துக்கு நடந்தது. இடது முன்னங்கால் மட்டும். ஒவ்வாமை என்று நினைத்து ஷாம்பு போட்டுக்கொண்டே இருந்தோம், கடைசியில் விரலிடுக்குக் கட்டியைக் கீறியபோது உள்ளே அரிசி நீளத்துக்கு ஒரு புல்முனை. எடுத்ததும் நக்கலும் நின்றது. எத்தனை கால் என்று முதலில் எண்ணிவிடுங்கள்.

ஷாம்பு எது, எப்படி என்று சொல்லுங்கள் ஐயா. கடையில் பத்து விதம் வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

குளோர்ஹெக்சிடின் 2 முதல் 4 சதவீதம் உள்ளது, கூடவே மைக்கோனசோல் அல்லது கீட்டோகோனசோல் இருந்தால் ஈஸ்ட்டுக்கு நல்லது. லேபிளில் பார்த்து வாங்கலாம். டெட்டால், பினாயில் பக்கம் போகவே வேண்டாம், அழன்ற தோலை இன்னும் பொசுக்கிவிடும்.

எல்லோரும் கோட்டை விடுவது நேரத்தில். நுரை வந்ததும் அலசிவிடுகிறார்கள். பத்து நிமிடம் தோலில் நிற்க வேண்டும். பாதம் மட்டும் என்றால் பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து ஒவ்வொரு காலாக நனைத்து, ஷாம்பு தேய்த்து, நக்காமல் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம். ஆரம்பத்தில் வாரம் இரண்டு முறை. அலசிய பிறகு பழைய பருத்தித் துண்டால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஹேர் டிரையர் இருந்தால் சூடு இல்லாமல் தூரத்தில் வைத்து. பாதத்தைக் கணப்புக்கு நேராகக் காட்ட வேண்டாம். நடந்து வந்தால் தினமும் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். சாக்ஸ் போட்டால் நக்க முடியாது என்று சிலர் போடுகிறார்கள், உள்ளே புழுங்கி நிலைமை மோசமாகும். ராத்திரிக்குக் கழுத்துக் கூம்பு பரவாயில்லை.

கம்பளியில் படுக்கிறாளா? தூசிப்பூச்சிக்கு ஈரமும் கம்பளியும் ரொம்பப் பிடிக்கும். வெந்நீரில் துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பாக மாற்றுங்கள்.

தோட்டக்காரன்:

கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை ஐப்பசியில்தான். இப்போதே துண்டு, பேசின் எல்லாம் வாசலில் வைத்துப் பழக்கிவிடுங்கள்.

கட்டபெட்டு வாசி:

பார்த்துவிட்டு வந்தோம். டேப்பில் ஈஸ்ட் நிறைய, காதிலும் அதேதான். பூச்சி எதுவும் இல்லை, காதோரம் தேய்த்துப் பார்த்தபோதும் காலை ஆட்டவில்லை. போன வருட ஊசி ஸ்டீராய்டுதானாம், கேட்டதும் பழைய பதிவைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். காதுக்குச் சொட்டு மருந்து, பாதத்துக்கு ஷாம்பு, அரிப்புக்கு மாத்திரை கொஞ்ச நாளைக்கு. சொன்னபடி பத்து நிமிடம் பிடித்துக் கழுவுகிறோம். என் கணவர் பிடிக்க, நான் பாட்டுப் போட்டு நேரம் பார்க்கிறேன். வாடை போய்விட்டது. விரலிடுக்கு வெளிர் சிவப்புக்கு வந்திருக்கிறது. ராத்திரி தூங்குகிறாள், நாங்களும்தான்.

அடுத்து உணவுச் சோதனை என்கிறார்கள். எட்டு வாரம், இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதம். ஆட்டுக்கறி கட்டுப்படியாகாது. என்ன கொடுக்கலாம்?

குன்னூர் அக்கா:

மத்தி வாங்கி வேகவைத்து, நம் ஊர் உருளைக்கிழங்கோடு பிசைந்து கொடுங்கள். முள்ளை எடுத்துவிடுங்கள். உப்பு, மஞ்சள் ஒன்றும் வேண்டாம். (மஞ்சளை நானே வேண்டாம் என்கிறேன் பாருங்கள்!)

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

மீன் அவளுக்குப் புதிது என்றால் நல்ல யோசனை. ஆனால் எட்டு வாரமும் அதைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது: தயிர், பிஸ்கெட், மெல்லும் எலும்பு, சுவையூட்டிய மாத்திரை வரை. நாய்களின் உணவு ஒவ்வாமையில் அடிக்கடி மாட்டிக்கொள்பவை மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை. எட்டு வாரம் முடிந்து நக்கல் குறைந்திருந்தால் பழைய கோழிச் சோற்றைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் உணவுதான். திரும்பாவிட்டால் உணவு இல்லை, அடோபி என்று வைத்துக்கொண்டு அதற்கான வைத்தியத்தைத் தொடரலாம். திருப்பிக் கொடுக்கும் இந்தக் கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கட்டபெட்டு வாசி:

கோதுமை என்றதும்தான் தூக்கிவாரிப் போட்டது. தினமும் நடந்து திரும்பும்போது முக்கு டீக்கடையில் பட்டாணிக்கு ஒரு வர்க்கி உண்டு. கடைக்காரர் பாசத்தில் கொடுக்கிறார், நாங்களும் கண்டுகொள்வதில்லை. மருத்துவரிடம் சாப்பாடு சொல்லும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

வர்க்கியில் மைதா, வனஸ்பதி, சர்க்கரை எல்லாம் இருக்கிறது. ஒரு துண்டு உள்ளே போனாலும் அந்தச் சோதனையை நம்ப முடியாது, எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாதையை மாற்றுங்கள், அல்லது வேகவைத்த மீன் துண்டு கொஞ்சம் டப்பாவில் கொண்டுபோய்க் கடைக்காரரிடமே கொடுத்து அவர் கையால் போடச் சொல்லுங்கள். அவருக்கும் மனத்தாங்கல் வராது.

கட்டபெட்டு வாசி:

டப்பா யோசனை பிடித்திருக்கிறது சார். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம். கோழியைத் திரும்பக் கொடுத்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.