ஊதிப்போன அலுமாரியும் முதிரை மர வாங்கும்

கல்லடி ஓடாவி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "இனி முதிரை, தேக்கு எல்லாம் வீண் காசு. பிளைவுட், எம்.டி.எஃப் எல்லாமே மரம்தான், தண்ணீருக்கு அசையாது." முப்பது வருடமாக உளி பிடிக்கிற தச்சனுக்கு இதை வாசித்தால் வயிறு எரியாதா? போன மார்கழி மழையில் நாவற்குடாவில் ஒரு வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மூன்றாம் நாள் அலுமாரியின் அடிப்பலகை ரொட்டி மாதிரி ஊதிக் கிடந்தது. விரலால் அமத்தினேன், மாவாக உதிர்ந்தது. பக்கத்தில் கிடந்த பழைய முதிரை வாங்கைத் துடைத்துவிட்டு அதிலேதான் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தோம்.

காத்தான்குடி கடைக்காரன்:
எழுதியது நான்தான். அண்ணன், நீங்கள் பார்த்தது எம்.டி.எஃப். மர நாரைப் பசையோடு கலந்து சூட்டில் அழுத்திய பலகை. பிளைவுட் வேறு. மெல்லிய மரத் தகடுகளை, ஒன்றின் நார் அடுத்ததற்குக் குறுக்கே வரும்படி ஒட்டுவது. இந்தியத் தரத்தில், படகு வேலைக்கும் ஈரமான இடத்துக்கும் செய்கிற கடல் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். 72 மணி நேரம்!

கல்லடி ஓடாவி:
அலுமாரி ஊதியது தம்பி. எம்.டி.எஃப்பும் அசையாது என்று எழுதியது நீதானே? இப்போது கொதிநீருக்குள் ஓடி ஒளிகிறாய்.

களுவாஞ்சிக்குடியான்:
முதிரை, முதிரை என்று பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் ஒரு ஓடாவி போட்ட முதிரைக் கதவு ஐப்பசி பிறந்தால் மூடாது. தோளால் இடித்துத்தான் சாத்துகிறோம். அதுவும் ஊதல்தானே?

கல்லடி ஓடாவி:
அது காயாத மரம். மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில்தான் ஈரம் குடித்து விரியும். அதைத் தெரிந்து இடைவெளி விடாதவன் ஓடாவியே இல்லை. 1978 சூறாவளியில் எங்கள் கூரை பறந்தது. அப்பா வைத்த முதிரைக் கதவுநிலை இன்றைக்கும் நிற்கிறது.

காத்தான்குடி கடைக்காரன்:
அகலத்தில் விரியும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த விரிவைத் தடுக்கத்தான் தகடுகளைக் குறுக்கே வைக்கிறார்கள். 72 மணி நேரம், அண்ணன்.

அக்கரைப்பற்று ரீச்சர்:
தண்ணீரை விடுங்கள். அந்தப் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைட் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. புது அலுமாரியைத் திறந்தால் என் பிள்ளைக்குக் கண் எரிகிறது.

காத்தான்குடி கடைக்காரன்:
அந்த வாயுவைக் குறைவாக விடும் பலகையும் இருக்கிறது, ரீச்சர். எல்லாரும் முதிரை கேட்டால் காடு மிஞ்சுமா? இன்றைக்கு ஒரு மரம் ஏற்றவே பெர்மிட்டுக்கு அலைகிறோம்.

கல்லடி ஓடாவி:
காட்டை மொட்டையடித்தது ஓடாவியா? லொறி வைத்திருந்தவனிடம் போய்க் கேள். உன் தகடும் வானத்திலிருந்து விழவில்லை, அதுவும் ஏதோ ஒரு காட்டு மரம்தான்.

களுவாஞ்சிக்குடியான்:
என் கதவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கல்லடி ஓடாவி:
போட்டவனிடம் கேள்.

காத்தான்குடி கடைக்காரன்:
சரி அண்ணன், நாளைக்குக் கடைக்கு வாருங்கள். ஒரு துண்டு கடல் பிளைவுட் தருகிறேன். வாவியில் கட்டி ஊறப்போட்டு மூன்று நாள் கழித்து நீங்களே பாருங்கள்.

கல்லடி ஓடாவி:
துண்டை நீயே வைத்துக்கொள். நாவற்குடா அலுமாரி ஊதியது. அதற்குப் பதில் சொல்.