பழைய விதை உங்க வீட்டுக்குக் கைகொடுத்துச்சா? நடந்ததை எழுதுங்க

மலைக்காட்டான்:
கொல்லிமலை நமக்கு. மரவள்ளி வந்தப்புறம் சாமை, கேவுரு எல்லாம் குறைஞ்சு மலை எப்படி மாறுச்சுன்னு இங்க பலருக்கும் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். சித்தப்பா மொத்தக் காட்டுக்கும் மரவள்ளிக் குச்சி நட்டுட்டாரு, சேகோ மில்லுக்கு, அதான் ஜவ்வரிசி ஆலைக்கு லோடு ஏத்தி, கிழங்குல மாவு எவ்வளவுன்னு பாயிண்ட் பாத்து வர்ற காசுதான் வருசம் பூராவும், அந்த வருசம்னு பாத்து விலை படுத்துருச்சு. பத்து மாசப் பயிராச்சே, நடுவுல கைக்கு வர்றதுக்கு வேற ஒண்ணுமே இல்ல. சித்தி வந்து அம்மாகிட்ட விதைக்குன்னு ஒரு படி சாமை கேட்டாங்க. அம்மாவும் அளந்து போட்டாங்க. அதை மடியில வாங்குன சித்தி நேரா எங்க வாசல் உரல்கிட்ட போய் உலக்கையைக் கையில எடுத்தாங்க. அப்பத்தான் எங்களுக்கே புரிஞ்சுது. அம்மா ஒரு வார்த்தை பேசல, இன்னொரு உலக்கையை எடுத்துட்டு எதிர்ல போய் நின்னுட்டாங்க. எங்க காட்டுல சாமை, கேவுரு, இடையில துவரை, மொச்சைன்னு கிடந்ததால ஒண்ணு முடிய ஒண்ணு வீட்டுக்கு வந்துட்டே இருந்துச்சு. பெரிய காசு கிடையாது, ஆனா அடுப்பு அணையல.

மேட்டுக்காட்டு அக்கா:
தம்பி, மரவள்ளி மேலயே பழி போடாதீங்க. சாமை குத்திப் பாத்தவ சொல்றேன், அந்த உமி லேசுல விடாது, குத்தணும் புடைக்கணும் மறுபடி குத்தணும், காட்டு வேலை முடிஞ்சு வந்து ராத்திரி அதுதான். ரேசன் அரிசி வந்ததும் பொம்பளைங்கதான் முதல்ல சாமையை விட்டோம், எனக்கு அதுல வருத்தமே இல்ல. கொல்லிமலையிலயே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மகளிர் குழுக்களுக்கு சிறுதானிய மில்லு வச்சுக் கொடுத்தாங்கல்ல, அது மாதிரி பக்கத்துல மில்லு இருந்தா நான் நாளைக்கே விதைப்பேன். 2023-ஐ சிறுதானிய ஆண்டுன்னு உலகமே கொண்டாடுச்சு, எங்க ஊர்ல உமி நீக்க இன்னும் பஸ் ஏறித்தான் போகணும்.

கடைமடை விவசாயி:
நமக்கு திருத்துறைப்பூண்டி பக்கம். 2008 நிஷா புயல், நவம்பர் கடைசி. வயல் எது வாய்க்கால் எதுன்னு தெரியாம ஒரே தண்ணி. குட்டையா வளர்ற புது நெல்லு ரகம் எல்லாம் முழுகி, தண்ணி வடிஞ்சப்ப கையில எடுத்தா கொழகொழன்னு அழுகிப் போய் வருது. அப்பா பிடிவாதமா ஒரு ஓரத்துல போட்ட மாப்பிள்ளை சம்பா, உசரமா வளர்ற பழைய நெல்லு, அது மட்டும் தலையை வெளிய நீட்டிட்டு நின்னுச்சு. நெல்லு கொஞ்சம்தான், ஆனா வைக்கோல் கிடைச்சுதே! ஊர்ல தீவனம் இல்லாம மாட்டை வித்தவங்க நிறைய பேரு, நாங்க விக்கல, பால் காசுல அந்த வருசத்தை ஓட்டுனோம்.

விதைப்பெட்டி:
கடைமடை அண்ணே, ஒரு ஓரம் நின்னதை வச்சு எல்லாரும் போடலாம்னு யாரும் நினைச்சுறக் கூடாது. மாப்பிள்ளை சம்பா 160 நாள் பயிர், உரம் கூடுனா சாயும், மெஷின் அறுப்புக்கு மல்லுக்கட்டணும், கொள்முதல் நிலையத்துல சன்ன ரகம் பொது ரகம்னு ரெண்டே கணக்கு, கவுனி மாதிரி பழைய நெல்லுக்கு அங்க தனி விலை எல்லாம் கிடையாது. எங்க மாமா கவுனி போட்டு வாங்க ஆள் இல்லாம மூட்டையைப் பாத்துட்டே உக்காந்திருந்ததை இன்னும் மறக்க முடியல. அதனால புதுசா போடுறவங்க முதல்ல வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் போடுங்க. அவசரத்துக்குப் பூங்கார் நெல்லு சீக்கிரம் வந்துரும். உப்பு நிலம்னா குழிவெடிச்சான், களர்பாலைன்னு பாருங்க. விதைக்கு விடுற பாத்தியில கலப்புக் கதிரைப் பூக்கும்போதே புடுங்கிருங்க, நல்லாக் காயவச்சு வேப்பிலை போட்டுக் கட்டுங்க, வருசா வருசம் புதுப்பிக்கலன்னா முளைப்பு போயிரும். பழைய நெல்லு ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஐயா ஆதிரெங்கத்துல 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருசம் 4 கிலோவா திருப்பி வாங்குனாரு பாருங்க, அதை நாலு வீடு சேந்து செய்யலாம். 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி விவசாயி தன் விதையை வச்சுக்கலாம், மாத்திக்கலாம், பிராண்ட் போடாம விக்கவும் செய்யலாம், யாரும் பயப்பட வேண்டாம்.

கடைமடை விவசாயி:
தம்பி, மொத்தமா போடச் சொல்லி நான் எங்க எழுதுனேன்? அப்பா போட்டதே ஓரத்துலதான். மீதி வயல் காசுக்கு, அந்த ஓரம் மாட்டுக்கும் வீட்டுக்கும். உங்க மாமா மூட்டை தேங்குனது விதையோட குத்தமா, வாங்க ஆள் இல்லாததா? அக்கா மில்லுக்கு பஸ் ஏறுறதும் அதே பிரச்சனைதானே. சரி, குழிவெடிச்சான் கலப்பில்லாம யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, ஆடிக்கு முன்னாடி வேணும்.