கனூட் ராஜா கடலுக்கு உத்தரவு போட்டது ஆணவமா?

மண்டபம் வடகடல்:
என் மகள் பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு ‘ஆணவம்’ என்று தலைப்பு. இங்கிலாந்தை 1016 முதல் 1035 வரை ஆண்ட கனூட், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அலையை நிற்கச் சொன்னார், அலை காலை நனைத்துவிட்டது என்று எழுதிவைத்திருக்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்து நாடு பிடித்தவருக்கு நீர் ஏறுவதும் வத்துவதும் தெரியாமலா இருக்கும்? எங்கள் வீட்டுப் பத்து வயதுப் பையனே கரையில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் வள்ளத்தைக் கட்டுவான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்புல்லாணி வாத்தியார்:
உங்கள் சந்தேகம் நியாயம்தான் அண்ணே. கனூட் இறந்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, ஹண்டிங்டன் ஹென்றி என்ற பாதிரியார் எழுதிய கதை இது. கனூட் காலத்து ஏடுகளில் கிடையாது. ஹென்றியும் அவரைப் பழிக்க எழுதவில்லை. கால் நனைந்ததும் ராஜா எழுந்து, ‘மன்னர்களின் அதிகாரம் வெறுமையானது என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்’ என்றாராம். பிறகு கிரீடத்தைத் தலையில் வைக்கவே இல்லையாம், சிலுவையில் இருக்கும் இயேசுவின் உருவத்துக்கே சூட்டிவிட்டாராம். பின்னால் சொன்னவர்கள் கடைசிப் பாதியை விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் ராமர் தர்ப்பையில் படுத்து வழி கேட்டார், கடலரசன் வரவில்லை என்றதும் வில்லை எடுத்தார். உக்கிர பாண்டியன் கடல் சுவற வேல் விட்டான். நம் கதைகளில் கடல் அடங்கிவிடும். ஹென்றி கதையில் அடங்கியது ராஜாதான். அதனாலேயே எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

கீழக்கரை வாசகர்:
வாத்தியார் சொல்வது சரி. ஆனால் கனூட்டை மகானாக்கிவிடாதீர்கள். 1014இல் இங்கிலாந்தை விட்டுப் போகும்போது, தன் அப்பாவிடம் ஒப்படைக்கப்பட்ட பிணைக்கைதிகளைச் சாண்ட்விச் என்ற ஊரின் கரையில் இறக்கி, கை, காது, மூக்கை வெட்டிவிட்டுப் போனவர். 1018இல் வசூலித்த வரி 72,000 பவுண்டு, லண்டன் தனியாக 10,500. பழிக்க இவ்வளவு இருக்க, செய்யாத ஒன்றுக்கு ஏன் பழி?

அப்புறம் மாறியதும் உண்மை. 1027இல் ரோமுக்குப் போனவர், எனக்காக யாரிடமும் அநியாயமாகப் பணம் பறிக்காதீர்கள் என்று அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். நம் ராஜேந்திர சோழன் காலத்தவர், அவரைப் போலவே கப்பற்படையால் ஆண்டவர்.

மண்டபம் வடகடல்:
ரொம்ப நன்றி வாத்தியாரே, கீழக்கரை அண்ணே. மகளிடம் காட்டினேன். ‘திமிர் பிடித்த ராஜா’ என்ற வரியை அடித்துவிட்டாள். பிணைக்கைதிகளையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள், சேர்க்கச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை போட்டி.