மறு: மறு: ‘ஆஃப் ரோடு’ – வியாழக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ஷார்ஜாவிலிருந்து, ஞாயிறு இரவு

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் அவசரமான உதவி. அடுத்த மாதம் பத்து வண்டிகளில் குடும்பங்களோடு அபுதாபியின் லிவா பாலைவனப் பக்கம் போய் மணலில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் மணலில் வண்டி ஓட்டியதே இல்லை. அவர்களுக்காக நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதுகிறேன், வியாழன் காலை அச்சுக்குப் போக வேண்டும்.

எதற்குத் தமிழில் என்று கேட்டால் போன வருடம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மணல் மேட்டில் ஏறும்போது வேகம் குறையக் கூடாது, ஆனால் முகட்டைத் தொடுகிற நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வண்டி எகிறி மறுபக்கம் மூக்குக் குத்தி விழும். எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த நண்பனுக்கு வாக்கிடாக்கியில் “விடு, விடு” என்று கத்தினேன். நான் சொன்னது காலை விடு. அவன் காதில் விழுந்தது வண்டியை விடு. மிதித்துவிட்டான். முன் பம்பர் கழன்று மணலில் கிடந்தது, பின் சீட்டில் அவனுடைய எட்டு வயது மகள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். யாருக்கும் அடியில்லை. அன்றிலிருந்து இந்தச் சொற்களைச் சரிசெய்யாமல் இன்னொரு முறை கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தலைப்புக்கு வேண்டும்: ‘ஆஃப் ரோடு’ ஓட்டுவதற்கு ஒரு சொல். அப்புறம் மேட்டின் செங்குத்தான மறுபக்கம், சப்கா (உப்புப் படிந்த தட்டைத் தரை), டயரில் காற்றைக் குறைப்பது.

மதுரையிலிருந்து, திங்கள் காலை

தம்பி, நல்ல வேளையில் கேட்டீர்கள். பாலைக்கென்று ஒரு திணையே வகுத்தவர்களிடம் சொல்லுக்கா பஞ்சம்? அத்தம், சுரம், அதர், இயவு எல்லாமே அரிய வழிகளுக்கு நம்மிடம் இருந்த பெயர்கள். வழி பிரிகிற இடத்துக்குக் கவலை என்றே பெயர் இருந்தது. ஓட்டுவதற்கு என் பரிந்துரை ‘மணலூர்தல்’. சங்கப் பாட்டில் காதலன் பனைமடல் குதிரையில் ஏறி வரும் மடலூர்தலை நினைத்துப் பாருங்கள். ஊர்தல் என்றால் ஏறிச் செலுத்துதல். “சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை” என்று குறளிலேயே இருக்கிறது. ஊர்தி அதிலிருந்துதானே வந்தது. ‘ஓட்டம்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது ஓடுதலின் பெயர், ஓட்டுதலின் பெயர் அல்ல. மணலோட்டம் என்றால் மணல் ஓடுகிறது என்றுதான் பொருள்படும்.

டொராண்டோவிலிருந்து, திங்கள்

ஐயா, மடலூர்தல் வடிவான ஒப்புமைதான், மறுக்கேல்லை. ஆனால் இன்றைக்கு எறும்புதான் ஊரும், பாம்புதான் ஊரும். மணலில் வாகனம் ஊர்ந்தால் என்ன நடக்கும்? புதையும். இந்தச் சொல்லை வாசிக்கிற புது ஆள் மெல்ல மெல்லப் போனால் அவர் செய்யக் கூடாததையே சொல் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். அதோடு மணலூர் என்று ஊர்களும் இருக்கின்றன.

எனக்கு வேறொரு யோசனை வந்து இரவெல்லாம் நித்திரை இல்லை. பாதையை விட்டு விலகுவதற்குத் தமிழில் உள்ள சொற்களை எடுத்துப் பாருங்கோ. வழி தவறுதல், நெறி பிறழ்தல், தடம் புரளுதல், தடம் மாறுதல். எல்லாமே ஒன்றில் குற்றம், இல்லாவிட்டால் விபத்து! விரும்பி, ஆயத்தத்தோடு பாதையை விட்டு இறங்குகிறவருக்கு ஒரு சொல்லும் இல்லை. புறச்சாலை என்று முந்தி ஒருவர் சொன்னார், அது புறவழிச்சாலையோடு குழம்பும். ‘தடமிலி’ எப்படி? தடமிலிப் பயணம்.

சென்னையிலிருந்து, திங்கள் இரவு

தடமிலி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கையேட்டின் வரைவில் ‘முகாம்’ என்று ஏழு இடத்தில் பார்த்தேன். அது அரபு வழிச் சொல். பாசறை, பாடி என்று நம்மிடமே இருக்கும்போது ஏன்?

ஷார்ஜாவிலிருந்து, செவ்வாய் அதிகாலை

அண்ணா, பாசறை என்றால் போருக்குப் போன அரசன் தங்குகிற இடம். நாங்கள் பிள்ளைகளோடு பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறோம். முகாம் அரபிலிருந்து வந்தது என்பதற்காக அரபு மண்ணில் அதை விலக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் போகிற இடமே ருப்அல்காலிப் பாலைவனத்தின் விளிம்பு. ருப் என்றால் கால் பங்கு. காலி என்றால் வீடு காலி, குடம் காலி என்று நாம் தினமும் சொல்கிற அதே காலி. ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் மணலின் பெயரில் பாதி ஏற்கனவே நம் வீட்டுப் பேச்சில் இருக்கிறது.

மதுரையிலிருந்து, செவ்வாய்

கால் என்பதும் நான்கில் ஒன்று. அப்படியானால் அந்த நிலத்துக்கு ‘வெறுங்கால்’ என்றே பெயர் சொல்லலாம். கால் என்பதற்குக் காற்று என்றும் பொருள் உண்டு, காற்று ஆள்கிற நிலத்துக்கு இது எவ்வளவு பொருத்தம்! இதை விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

உடன்குடியிலிருந்து, செவ்வாய் மாலை

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. மணல் மேடு, மணற்குன்று என்று ஆளுக்கொன்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் அதற்குத் தேரி என்று பெயர். குதிரைமொழித் தேரிக்குள் வந்து பார்த்தால் தெரியும், செக்கச்செவேலென்று மணல், கணுக்கால் வரை புதையும். சின்ன வயதில் சைக்கிளை அதற்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் டயரில் காற்றைக் கொஞ்சம் பிடுங்கிவிடுவோம், அப்போதுதான் டயர் பட்டையாகப் பரந்து மணல்மேல் மிதக்கும். நீங்கள் கேட்கிற காற்றுக் குறைப்பு அதேதானே?

ஷார்ஜாவிலிருந்து, செவ்வாய் இரவு

அதேதான் அண்ணாச்சி! சாலையில் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் இருக்கிற டயரை மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி 15க்கு இறக்குவோம். திரும்பிச் சாலை ஏறுவதற்கு முன் மறுபடி நிரப்ப வேண்டும், மறந்தால் டயர் சூடேறி வெடிக்கும். ‘பிடுங்கு’ என்றால் யாரோ வேண்டுமென்றே செய்த வேலை போல ஒலிக்கிறது, அதனால் ‘காற்றைக் குறை’ என்றே போடுகிறேன். தேரியை எடுத்துக்கொள்கிறேன். இங்கே ஷார்ஜாவின் மதாம் பக்கத்து மணலும் சிவப்புத்தான், அங்கேயும் உங்கள் ஊரிலும் மணலுக்கு அந்த நிறம் இரும்பு ஆக்சைடால் வருகிறது.

சப்காவுக்கு இன்னும் ஒருவரும் சொல் தரவில்லை. உப்புநீர் தரைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும், வெயிலில் அது மேலேறி ஆவியாகி, உப்பு மட்டும் படிந்து இறுகிவிடும். பார்த்தால் கார் நிறுத்துகிற இடம் போல வெள்ளையாய், தட்டையாய் இருக்கும். சக்கரம் ஏறினதும் அப்பளம் போல உடைந்து, அடியில் கருஞ்சேறு. அச்சு வரை இறங்கிவிட்டால் இன்னொரு வண்டி கிட்டே வந்து இழுக்கவும் முடியாது, அதுவும் இறங்கும்.

சென்னையிலிருந்து, புதன்

களர், உவர் இரண்டும் இருக்கின்றன. களர்நிலம் என்று போடுங்கள், வள்ளுவர் வாக்கு.

உடன்குடியிலிருந்து, புதன்

களர் என்றால் பயிர் வராது என்றுதான் புரியும், வண்டி இறங்கும் என்று புரியாது. குளம் வற்றினபிறகு மேலே காய்ந்து வெடித்து நிற்குமே, அதற்குப் பொருக்கு என்போம். கால் வைத்தால் உள்ளே போகும். ‘உப்புப் பொருக்கு’ என்று எழுதிப் பாருங்கள்.

டொராண்டோவிலிருந்து, புதன்

உப்புப் பொருக்குக்கு என்ரை இரண்டு கையும். கேட்ட உடனே காலுக்குக் கீழே உடையிற மாதிரி இருக்கு. மறுபக்கச் சரிவுக்குச் ‘சரிமுகம்’ என்று போடுவம். காற்று வீசுகிற பக்கம் சாய்வாக இருக்கும், மற்றப் பக்கம் மணல் தானே சரிந்து முப்பது பாகைக்கு மேலே நிற்கும். முகம் என்றால் எதிர்கொள்வதும் வந்துவிடும். ஆனால் அண்ணை, அந்த ‘விடு’வுக்கு என்ன செய்யப் போறியள்?

ஷார்ஜாவிலிருந்து, புதன் நள்ளிரவு

அதைத்தான் இன்று மாலை முழுக்கச் செய்து பார்த்தேன். வண்டிகள் நிறுத்துமிடத்தில் நண்பர்கள் ஆறு பேரை நிறுத்தி, வாக்கிடாக்கியில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, கேட்டதும் காலால் செய்து காட்டச் சொன்னேன். ‘தளர்த்து’ என்றால் யோசித்தார்கள். ‘காலை எடு’ என்றால் முதல் ஒலியை வாக்கிடாக்கி விழுங்கியபின் ‘எடு’ மட்டும் கேட்டது. அதை இரண்டு பேர் ‘வண்டியை எடு’ என்று எடுத்துக்கொண்டார்கள். ‘மிதி’, ‘தூக்கு’ இரண்டையும் யாரும் மாற்றிக் கேட்கவில்லை. எனவே ஏற ‘மிதி’, முகட்டில் ‘தூக்கு’. ‘விடு’ என்ற சொல்லைப் பயணம் முழுக்க யாரும் சொல்லக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டுவிட்டேன்.

தலைப்புக்கு நான்கு பேர் ‘தடமிலிப் பயணம்’ என்றீர்கள், மூன்று பேர் ‘ஆஃப்ரோடு’ என்றே இருக்கட்டும் என்றீர்கள். தடமிலியைப் பெரிதாகவும் கீழே ஆஃப்ரோடைச் சிறிதாகவும் போட்டு அனுப்பிவிட்டேன்.

மதுரையிலிருந்து, வியாழன் காலை

அச்சுக்குப் போய்விட்டது, சரி. இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன்: லிவாவில் தடம் இருக்கிறது. முன்னால் போன வண்டியின் தடத்தில்தானே பின்னால் வருகிறவர் போகிறார்? நீங்களே வரைவின் மூன்றாம் பக்கத்தில் “முன் வண்டியின் தடத்தை விட்டு விலகாதீர்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அப்புறம் எப்படி அது தடமிலி ஆகும்? அடுத்த பதிப்புக்காவது மணலூர்தலை ஒரு முறை வாக்கிடாக்கியில் சொல்லிப் பாருங்கள்.