மாந்தோப்பு வீட்டுக் குழு: பெரியப்பாவின் டீசல் வண்டி

பெரியப்பா, காவேரிப்பட்டினம் (காலை 6:40)
எல்லோருக்கும் வணக்கம். நேற்று மாலை ஒரு தரகர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 19 லட்ச ரூபாய்க்கு மேல் தர இயலாது என்றார். 2018-இல் 85 லட்சம் கொடுத்து எடுத்த டீசல் சொகுசுக் கார் அது. கிருஷ்ணகிரிப் பதிவு, ஒரே உரிமையாளர், ஓடியது 1,12,000 கிலோமீட்டர். கம்பெனியே டீசலைக் கைவிட்டுவிட்டது, 2027-இல் அரசும் தடை போடப்போகிறது, அதன்பின் பழைய இரும்பு விலைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு முழுவதும் உறக்கமில்லை. முன்பணம் வாங்கலாமா என்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் (6:58)
பெரியப்பா, தயவுசெய்து முன்பணம் வாங்காதீர்கள். 2027 என்று அவர் சொன்னது சட்டம் அன்று. பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த ஆலோசனைக் குழு ஒன்று, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களிலும் மாசு மிகுந்த நகரங்களிலும் அந்த ஆண்டுக்குள் நான்கு சக்கர டீசல் வாகனங்களைத் தடை செய்யலாம் என்று 2023-இல் பரிந்துரைத்தது. அந்த அறிக்கையை அரசு இன்னும் ஏற்கவில்லை என்று அமைச்சகமே அப்போது விளக்கம் அளித்தது. கம்பெனிகள் டீசலை விட்டதும் பாதி உண்மைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற கடுமையான புகை விதி வந்தபோது ஆடி இந்தியாவில் பெட்ரோலுக்கு மாறியது. வோல்வோ 2024-இல் உலகம் முழுவதும் டீசல் கார் தயாரிப்பையே முடித்துக்கொண்டது. ஆனால் மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ., லேண்ட் ரோவர் ஷோரூம்களில் டீசல் வண்டிகள் அதன் பிறகும் விற்றுக்கொண்டுதான் இருந்தன. டொயோட்டா ஃபார்ச்சூனர் டீசலின் பழைய வண்டிக்கு நம் பக்கம் இருக்கும் போட்டியை நீங்களே அறிவீர்கள்.

அண்ணன் (7:15)
அப்பா, தடை இல்லை என்பதால் விலை இறங்காது என்று பொருளில்லை. இதே ஆண்டு மாடலை டெல்லியில் இதைவிடக் குறைவாகக் கேட்கிறார்கள் என்று விளம்பரங்களில் பார்க்கிறேன். கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கலாம் என்பது என் கருத்து.

மாமா, தருமபுரி (7:41)
மாப்பிள்ளை, டெல்லி விலையை நம் ஊர் விலையோடு நேராக ஒப்பிடக் கூடாது. அங்கே பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டி ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அத்தகைய வண்டிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றும், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4-க்கும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டுமே என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. இப்படி ஆணைகள் மாறிக்கொண்டே இருக்கும் ஊரில், எட்டாம் ஆண்டிலேயே அச்சம் தொற்றிக்கொள்வதால்தான் விலை அவ்வளவு இறங்குகிறது. டெல்லி வண்டியை இங்கே கொண்டுவர என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், தமிழ்நாட்டுக்குரிய சாலை வரி கட்ட வேண்டும், எண்ணை மாற்ற வேண்டும், கடன் இருந்திருந்தால் வங்கியின் விடுவிப்புக் கடிதமும் வேண்டும். மச்சானின் வண்டிக்கோ ஆயுள் வரி கட்டியாயிற்று. பதிவு 2033 வரை செல்லும், அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். தரகர் டெல்லி விலைக்கு வாங்கிக் கிருஷ்ணகிரி விலைக்கு விற்கப் பார்க்கிறார்.

நான் (7:55)
மாமா சொல்வதோடு இன்னொன்றும் இருக்கிறது. புதிய பெரிய எஸ்.யு.வி. மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 60 லட்சம் என்றால், 90 லட்சமாக இருந்த வண்டி 84 லட்சமாகிவிட்டது. புதியது இறங்கினால் பழையதும் கூடவே இறங்கும், அது பெட்ரோல் வண்டிக்கும் பொருந்தும். அந்த இறக்கத்தையும் டீசலின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

சித்தப்பா, ஓசூர் (8:30)
அண்ணா, இருபது ஆண்டுகளாகப் பட்டறையில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இத்தகைய வண்டியின் விலையை வீழ்த்துவது எரிபொருளைவிடப் பழுதுச் செலவைப் பற்றிய அச்சமே. வண்டி 85 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்கு வந்தாலும், அதன் ஏர் சஸ்பென்ஷனும் (குலுக்கலைத் தாங்கும் காற்றுப் பைகள்) கியர்பாக்ஸும் 85 லட்ச ரூபாய் வண்டிக்குரிய விலையிலேயே நிற்கின்றன. வாங்குகிறவர் அந்தத் தொகையை மனத்துக்குள் கழித்துக்கொண்டுதான் விலை கேட்கிறார். ஆனால் அவை பெட்ரோல் மாடலிலும் பெரும்பாலும் பொதுவானவை, ஆகையால் கம்பெனி டீசலை நிறுத்தியதால் மட்டும் கிடைக்காமல் போய்விடா. டீசலுக்கே உரியவை உயர் அழுத்தப் பம்பும் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும்தான். சங்ககிரி, நாமக்கல் லாரிகள் இரவும் பகலும் ஓடும் நம் வட்டாரத்தில் பம்ப் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் சொகுசு வண்டிகள் சிலவற்றில் உள்ள பீசோ வகை இன்ஜெக்டரைப் பிரித்துச் சீராக்குவது கடினம், மாற்றத்தான் வேண்டியிருக்கும். உங்கள் வண்டியில் எந்த வகை என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று. பெங்களூருவில் அரை மணி நேரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஊர்ந்த டீசல் எஞ்சினையும், வாரந்தோறும் நெடுஞ்சாலையில் சீராக ஓடித் தொப்பூர் கணவாய் ஏறிய எஞ்சினையும் நான் ஒன்றாக மதிக்க மாட்டேன். நகர ஓட்டத்தில், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்விலும் குழாய்களிலும் கரி படிந்து அடைத்துக்கொள்ளும்; நீண்ட ஓட்டத்தில் எஞ்சின் தகுந்த சூட்டை எட்டுவதால் அந்தத் தொல்லை மிகவும் குறையும். உங்கள் வண்டி பி.எஸ். 6-க்கு முந்தைய பி.எஸ். 4 என்பதால், புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் ஊற்றும் வேலையும் உங்களுக்கு இல்லை. இவற்றை எல்லாம் தரகர் பார்க்கவில்லை, அவர் பார்த்தது ஆர்.சி.யில் உள்ள ஆண்டை மட்டுமே.

அத்தை, தருமபுரி (8:52)
அண்ணா, ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் பிறந்தால் தோட்டம், மாம்பழக் கூழ் ஆலை, பெங்களூரு மண்டி என்று மூன்று மாதம் நாள்தோறும் அலைவீர்களே, அப்போது எதில் போவீர்கள்? இப்போது விற்றால் அவசரத்தில் இன்னொரு வண்டியை அதிக விலைக்கு வாங்க நேரிடும். அதுவும் நட்டம்தானே?

அண்ணன் (9:05)
அத்தை சொல்வதை நான் யோசிக்கவில்லை. சீசனில் ஒரே நாளில் பெங்களூரு போய்த் திரும்பி, மறுபடி சேலம் போவதும் உண்டு. பருவம் முடியட்டும், அப்பா.

பெரியப்பா (9:20)
காப்பீட்டுப் பத்திரத்தில் 24 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். அதைக் காட்டி விலை கேட்கலாமா, கண்ணு?

நான் (9:24)
வேண்டாம் பெரியப்பா. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு அந்தத் தொகை காப்பீட்டுக் கம்பெனியும் நாமும் பேசி முடிவுசெய்வது. சந்தை விலைக்குச் சான்றாகாது. நமக்குச் சான்று சர்வீஸ் ரசீதுகள். முதல் ஆண்டிலிருந்து வரிசையாக இருந்தால், தரகரை விட்டுவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுகிற ஒருவரிடம் நேராகவே பேசலாம்.

பெரியப்பா (9:48)
தரகருக்கு இப்போது விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். பருவம் முடிந்து ஆகஸ்டில் பார்ப்போம். ரசீதுகளில் 2021-இல் இரண்டு மட்டும் இல்லை. தம்பி, ஞாயிற்றுக்கிழமை வண்டியை உன்னிடம் கொண்டுவரட்டுமா?

சித்தப்பா, ஓசூர் (9:55)
சனிக்கிழமை இரவே வந்து தங்கிவிடுங்கள், அண்ணா. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினைக் காலையில் நானே முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காவேரிப்பட்டினத்திலிருந்து ஓட்டிவந்த சூட்டில் இன்ஜெக்டர் கசிவும் புகையும் தெரியாது. விடுபட்ட இரண்டு ரசீதுகளின் நகலை அந்த சர்வீஸ் மையத்தின் கணினியிலிருந்தே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வண்டி எண்ணைச் சொன்னால் போதும்.